மறுபடி அக்காவுக்குக் கேட்காத சத்தம்

“பேசுங்க டீச்சர்,” என்றது சுவரில் மாட்டியிருந்த சின்ன ஒலிபெருக்கி.

“என்ன பேசட்டும்?”

“காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க. மைக்குக்கு அது போதும்.”

“ரொட்டி.”

“அதை எனக்குச் சொல்லுங்க. உங்க மடிக்குச் சொல்லாதீங்க.”

“ரொட்டியும் முட்டையும்.”

“மறுபடி.”

“ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டேன்.”

“யார் சுட்டது?”

“நான்தான்.”

“கருகிச்சா?”

“கொஞ்சம்.”

“ஆங், இப்போ வருது பாருங்க குரல். கருகினதைச் சொன்னாத்தான் வருது.”

கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் சிரிப்பது தெரிந்தது. நரைத்த தலைமேல் பெரிய ஹெட்போன். மூக்கின் நுனியில் கண்ணாடி. இந்தப் பக்கம், சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டிய சுவர்களுக்கு நடுவே, நிலவியல் கற்பிக்க வந்த இளம் ஆசிரியை ஒரு தட்டு நிறையக் கற்களை வைத்துக்கொண்டு நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். ஒலியைச் சோதிப்பதற்காகப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா,” என்றாள் அவள். “ஒரு சத்தம் கேக்குதே.”

“என்ன சத்தம்?”

“மெல்லிசா. ஊசி மாதிரி.”

அக்கா ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

“இந்த ரூம்ல எனக்குத் தெரியாத சத்தம் கிடையாது டீச்சர். மேல் மாடியில யாராவது நாற்காலியை இழுத்தாகூட எனக்குத் தெரியும். உங்களுக்குப் படபடப்பு. முதல் தடவை வர்றவங்களுக்கு என்னென்னமோ கேக்கும். ஒருத்தர் மணி அடிக்குதுன்னார். இன்னொருத்தர் அவங்க மாமியார் கூப்பிடறாங்கன்னு எழுந்து போயிட்டார்.”

“சரிக்கா.”

“தண்ணி குடிங்க. மறுபடி ஆரம்பிக்கலாம்.”

அன்றைய பதிவு முடிந்து அவள் கற்களை எடுத்துப் பையில் போட்டபோது அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது. அக்கா சொன்னது சரிதான், படபடப்புதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிவின்போதும் அது கேட்டது. பதிவு முடிந்ததும் நின்றது. தன் படபடப்புக்கு ஒரு குரல் இருப்பதாக எண்ணி, அதைப் பற்றி யாரிடமும் பேசாமலே அவள் அதற்குப் பழகிப்போனாள். பேசாமல் பழகிப்போவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை.

அந்த அம்மாளுக்கு வளாகத்தில் ‘மறுபடி அக்கா’ என்று பெயர். எந்தப் பேராசிரியராக இருந்தாலும், எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும், சொல் தடுக்கினால், தாள் சரசரத்தால், பொய்யாகச் சிரித்தால், ஒலிபெருக்கியிலிருந்து “மறுபடி” என்று ஒரே ஒரு சொல் வரும். அதில் கோபம் இருக்காது, கொஞ்சலும் இருக்காது. கதவைத் திறந்து வைப்பது போல இருக்கும். பொருளியல் பேராசிரியர் ஒருவர் ஒரே வாக்கியத்தை ஒரு முழு மதியமும் சொல்லிவிட்டு, “என் கல்யாணத்துலகூட இத்தனை தடவை சம்மதம் கேக்கலம்மா” என்று நொந்துகொண்டாராம். அக்கா, “அங்கேயும் ஒழுங்கா கேட்டிருந்தா தேவலையே சார்” என்றாராம்.

அவர் இந்த வேலைக்கு வந்தது கல்யாண வீடியோ எடுக்கும் கடை ஒன்றிலிருந்து. அங்கே காட்சிகளை வெட்டி ஒட்டும் வேலை. மாப்பிள்ளை தும்மியதை எடுத்துவிட்டு, வேறெங்கோ சிரித்ததைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைப்பார். சண்டை போட்டுக்கொண்ட சித்தப்பாக்களை அடுத்தடுத்து நிற்க வைத்துக் குடும்பத்தை ஒன்று சேர்ப்பார். “எத்தனை குடும்பத்தை நான் ஒட்டி வச்சிருக்கேன் தெரியுமா? ஒருத்தர் நன்றி சொன்னதில்ல,” என்பார். வளாக நூலகத்தின் அடித்தளத்தில், உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்து பாடப் பதிவுக் கூடம் தொடங்கியபோது, அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அறையில் பஞ்சை ஒட்டியது முதல் கம்பளம் விரித்தது வரை அவர் மேற்பார்வையில்தான். அந்தக் கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்தாலும், எழுந்து போன பிறகு உயரத்தைச் சரிசெய்துகொண்டே முணுமுணுப்பார்.

கல்லு டீச்சர் என்று அந்த இளம் ஆசிரியைக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். மூன்றாவது பதிவுக்குள் ‘நீங்க’ ‘நீ’ ஆகிவிட்டது. ஒவ்வொரு பாடத்தையும் அவள் இரண்டு மொழிகளில் பதிவு செய்ய வேண்டும். முதலில் தமிழில், பிறகு அவள் மேல்படிப்புப் படித்த இன்னொரு மொழியில். இரண்டையும் ஒரே நாளில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருநாள் சொன்னார்:

“அந்தப் பாஷையில நீ கொஞ்சம் தெம்பா பேசுற. தமிழ்ல பேசும்போது மட்டும் ஏன் வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி உள் ரூமுக்குப் போயிடற?”

“அதுல பேசுறது வேற யாரோ மாதிரி இருக்கும்க்கா. தமிழ்ல பேசினா நான்தான் பேசுறேன்னு தெரிஞ்சிடும்.”

“தெரியட்டுமே. கடன்காரனா வரப்போறான்?”

அவள் சிரித்துவிட்டாள். “அதான்,” என்றார் அக்கா. “இப்போ அந்தப் பளிங்குக் கல்லை எடு. மறுபடி.”

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் கட்டுப்பாட்டு அறையிலேயே டப்பாவைத் திறப்பார்கள். அக்கா பேசுவார், அவள் கேட்பாள். அக்காவின் மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். போனில் பேசினால், “அம்மா, நான் சொன்னதையே எத்தனை தடவை சொல்றது, காதைக் காட்டும்மா யார்கிட்டயாவது,” என்பாளாம். “போன் சரியில்ல. அவர்கிட்ட குடுத்திருக்கேன், பார்க்கணும்,” என்பார் அக்கா.

‘அவர்’ என்பது அவருடைய வீட்டுக்காரர். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மின்விசிறி, மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி பழுதுபார்க்கும் சின்னக் கடை. அதிகம் பேசாத மனிதர். பெண்டாட்டி மேல் பிரியம் வந்தால் அவர் எதையாவது பழுதுபார்ப்பார் என்று அக்கா சொல்வார். வீட்டில் பழுதான பொருள் எல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் அவர் கண் வளாகத்துப் பக்கம் திரும்பியது.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. பதிவு நடக்கும்போது யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். அமிலங்களைப் பற்றி ஒருவர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்த நடுவில் கணக்குத் துறைக்காரர் தலையை நீட்டி, “டீ குடிக்க வர்றீங்களா?” என்று கேட்டது வீடியோவில் அப்படியே இருக்கிறது. கதவில் ஒட்டிய அறிவிப்பை யாரும் படிக்கவில்லை. அக்கா வீட்டில் புலம்பியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஒரு பையோடு வந்தார். பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் அது. கதவுக்கு மேலே, வெளிப்புறம், ஒரு பழைய டப்பாவை வெட்டிச் செய்த சிவப்பு விளக்கைப் பொருத்தினார். உள்ளே, கதவை ஒட்டிய சுவரில், அதற்கு மின்சாரம் தர, சோப்புப் பெட்டி அளவில் ஒரு மின்பெட்டி. அக்கா பதிவுப் பொத்தானை அழுத்தினால் விளக்கு தானாக எரியும். நிறுத்தினால் அணையும். ‘பதிவு நடக்கிறது’ என்ற எழுத்துகளை அவரே கையால் வெட்டியிருந்தார். ‘ற’ மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

அன்றிலிருந்து யாரும் கதவைத் திறக்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குக் கேமராவைக் காட்டும் முன் அக்கா விளக்கைக் காட்டினார். “என் வீட்டுக்காரர் பண்ணது,” என்பார். அவ்வளவுதான், மேலே பெருமையடிக்க மாட்டார். ஆனால் விளக்கை ஒருமுறை எரிய வைத்துக் காட்டாமல் விடவும் மாட்டார்.

பருவம் பாதி ஓடியிருந்தபோது அந்த முணுமுணுப்பு ஆரம்பமானது. பாட வீடியோக்களுக்குக் கீழே மாணவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். ‘பின்னாடி ஒரு கொசு இருக்கு.’ ‘கொசுவுக்கும் வருகைப் பதிவு உண்டா?’ ‘எரிமலைப் பாடத்துல ஆசிரியையைவிடக் கொசு சத்தமா பேசுது.’ இணையவழிப் படிப்புகளின் பொறுப்பாளர் இதைப் படித்துவிட்டு ஒரு வீடியோவைப் போட்டுக் கேட்டார். அவருக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். எப்போது தேடினாலும் கூட்டத்தில் இருப்பதால் அவருக்கு ‘மீட்டிங் சார்’ என்று பெயர். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டார். அக்காவுக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

“பசங்க விளையாடறாங்க சார்.”

“எனக்கும் அப்படித்தான் தோணுது.”

ஆனால் புகார் நிற்கவில்லை. தலைவலிக்கிறது என்று ஒரு மாணவி எழுதினாள். நாய் வீடியோவைப் பார்த்துக் குரைக்கிறது என்று ஒருவன் எழுதினான். போன பருவத்து வீடியோக்களில் அது இல்லை, இந்தப் பருவத்தில்தான் என்று வேறொருத்தி அக்கறையாக எழுதினாள். கடைசியில் மீட்டிங் சார், முதலாமாண்டு வகுப்பு ஒன்றுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். கல்லு டீச்சரின் வகுப்பு அது. கரும்பலகைக்குப் பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் அவளுடைய பாடத்தையே போட்டார்கள். திரையில் அவள் ஒரு கல்லைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். நேரில் அவள் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

“சத்தம் கேக்கிறவங்க கையைத் தூக்குங்க,” என்றார் மீட்டிங் சார்.

வகுப்பு முழுக்கக் கை எழுந்தது. பின் வரிசையில் ஒருத்தி ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் காதை மூடிக்கொண்டாள்.

“சார்,” என்றான் ஒருவன், “கை தூக்காதவங்க நீங்க ரெண்டு பேர்தான்.”

வகுப்பு சிரித்தது. அக்கா திரும்பிப் பார்த்தார். சுவரோரம் நின்றிருந்த கல்லு டீச்சரின் கையும், தோள் உயரத்துக்கு, பாதி எழுந்திருந்தது.

நடைபாதையில் மீட்டிங் சார் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் பேச்சு தாழ்வாக இல்லை.

“பருவம் பூரா எடுத்த பாடம் எல்லாத்துலயும் இருக்கும்மா. இத்தனை நாள் மறுபடி மறுபடின்னீங்களே, காது கேக்காமத்தானா?”

“உங்களுக்குக் கேட்டுச்சா சார்?”

“கேக்கிறது என் வேலை இல்லம்மா. உங்க வேலை.”

மீட்டிங் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“வெளியிலேர்ந்து ஒரு கம்பெனி கேட்டுக்கிட்டே இருக்காங்க, கூடத்தை நாங்க நடத்தறோம்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள இது என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. இல்லன்னா அவங்ககிட்ட குடுத்துட்டு, உங்களை மேல நூலகத்துக்கு மாத்திடறேன். சம்பளம் குறையாது. புத்தகம் அடுக்கிற வேலைதான்.”

அடுத்த நாள் காலை கல்லு டீச்சர் கற்களோடு கீழே இறங்கியபோது, அக்கா ஹெட்போன் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ஹெட்போன் இல்லாத அக்காவை அவள் அதுவரை பார்த்ததில்லை. தலையில் பட்டை அழுத்திய இடம் மட்டும் பள்ளமாக இருந்தது.

“இன்னைக்குப் பதிவு இல்ல,” என்றார். பிறகு, “உனக்குக் கேக்குதா?” என்றார்.

“கேக்குதுக்கா.”

“எப்போலேர்ந்து?”

“முதல் நாள்லேர்ந்து.”

அக்கா மேசைமேல் இருந்த ஹெட்போனைத் தள்ளி வைத்தார்.

“சொன்னேன்க்கா. நீங்க படபடப்புன்னீங்க.”

“சொன்ன. ஒரு தடவை சொன்ன. அதுவும் மடியைப் பார்த்துச் சொன்ன.” அக்காவின் குரல் உயரவில்லை. “நான் ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் மறுபடிங்கிறேன். என்னைப் பார்த்து ஒருத்தர் மறுபடின்னு சொல்லக்கூடாதா? இரண்டாவது தடவை சொல்லியிருந்தா என்ன, உன் நாக்கு தேஞ்சிடுமா?”

கல்லு டீச்சருக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்ததும் அக்காவுக்குக் கோபம் போய்விட்டது. அவருடைய கோபத்துக்கு ஆயுசு அவ்வளவுதான்.

“சரி, அழாத. அழுதா மூக்கு அடைக்கும், மூக்கு அடைச்சா காது அடைக்கும். இப்போ எனக்கு உன் காது வேணும். பையைக் கீழ வை.”

புதிதாக வந்த பொருள்களை அக்கா விரல்விட்டு எண்ணினார். போன பருவம் இல்லாமல் இந்தப் பருவம் வந்தது எது? மைக் புதுசு, மீட்டிங் சார் வாங்கியது. “அதுவாத்தான் இருக்கும், அவரே வாங்கினது,” என்றார், கொஞ்சம் ஆசையோடு. நாற்காலி புதுசு. முக விளக்குகளில் ஒன்று புதுசு. அதற்கு மேல் அவருக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

பதிவு அறைக்குள் கல்லு டீச்சரை நிற்க வைத்துவிட்டு, அக்கா ஒவ்வொன்றாகப் போட்டார்.

“இப்போ?”

“இல்லக்கா.”

“முக விளக்கு போட்டிருக்கேன். இப்போ?”

“இல்ல.”

“ஏசி?”

“அது ஊ-ன்னு கேக்குது. இது அது இல்ல.”

“எல்லாமே போட்டாச்சு. உன் கொசு எங்க போச்சு?”

கல்லு டீச்சர் யோசித்தாள். பிறகு, அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும்படி, சத்தமாகச் சொன்னாள். “அக்கா, நீங்க பதிவை அழுத்தவே இல்லையே.”

அக்கா அழுத்தினார். அவள் முகம் சுருங்கியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

“வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“அப்போ மைக்தான்.” அக்கா உள்ளே வந்து மைக்கின் ஒயரைப் பிடுங்கினார். சத்தம் போகவில்லை. முக விளக்குகளை அணைத்தார். போகவில்லை. ஏசியை நிறுத்தினார். திரையை அணைத்தார். மேல் விளக்கையும் அணைத்தார். அறை இருட்டாகிவிட்டது. பூட்டிய கதவின் அடியில் மட்டும், வெளியே எரிந்த விளக்கின் சிவப்பு ஒரு கோடாகத் தெரிந்தது.

“இப்போ எப்படி இருக்கு?”

“இன்னும் நல்லாக் கேக்குதுக்கா.”

“எங்கேர்ந்து வருதுன்னு போ. நான் பின்னாடியே வர்றேன். கம்பளம் தடுக்கும், பார்த்து.”

அவள் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு மெதுவாக நடந்தாள். மேசையைத் தொட்டாள், விலகினாள். சுவரைத் தொட்டாள், பஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டே நகர்ந்தாள். கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அக்கா அவள் தோள்மேல் மோதிக்கொண்டு நின்றார். சோப்புப் பெட்டி அளவில் இருந்த அந்த மின்பெட்டியில் அவள் காதை வைத்தாள்.

அக்கா கையை நீட்டி அந்தப் பெட்டியைத் தொட்டார்.

“இதா?” என்றார் அக்கா.

“இதுதான்க்கா.”

“மறுபடி பாரு.”

அக்கா இருட்டிலேயே தடவிக்கொண்டு போய்ப் பதிவை நிறுத்தினார். கதவின் அடியில் தெரிந்த சிவப்புக் கோடு மறைந்தது. “நின்னுடுச்சு,” என்றாள் அவள். அக்கா அழுத்தினார். “வந்துடுச்சு.” மறுபடி நிறுத்தினார். மறுபடி அழுத்தினார். கடைசியில் திரும்பி வந்து, தானும் காதை அந்தப் பெட்டியில் வைத்தார். முதலில் ஒரு காதை, பிறகு இன்னொரு காதை. பெட்டி கொஞ்சம் சூடாக இருந்தது. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

அறை விளக்கைப் போட்டபோது அக்காவின் முகத்தைப் பார்க்கக் கல்லு டீச்சருக்குத் துணிவில்லை. கற்களை எண்ணுவது போலப் பாவனை செய்தாள்.

“அக்கா,” என்றாள் கடைசியில். “மைக்குன்னு சொல்லிடலாம். யாருக்கும் தெரியாது. விளக்கை மட்டும் நாமளே எடுத்துடலாம்.”

அவள் அவ்வளவு நீளமாகத் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“பேச ஆரம்பிச்ச உடனே பொய்யா? சும்மா இருக்கும்போதே நல்லா இருந்த.” சொல்லிவிட்டு, சிவப்பு விளக்கைக் கழற்றக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். “பிடிச்சுக்கோ. கல்யாண வீட்டுல தும்மலை வெட்டினேன், சரி. தும்மினது யாருன்னு மாத்திச் சொன்னதில்ல.”

அன்று மாலை அக்கா அந்த விளக்கையும் பெட்டியையும் துணிப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் நடந்ததை அவர் பிறகு சொன்னார். சாப்பாட்டு மேசைமேல் அதை வைத்து, “இது சத்தம் போடுது,” என்றிருக்கிறார். வீட்டுக்காரர் மின்சாரம் கொடுத்துவிட்டுக் காதை வைத்துப் பார்த்திருக்கிறார்.

“போடலையே.”

“எனக்கும் கேக்கல. வகுப்புல இருக்கிற பசங்களுக்கெல்லாம் கேக்குது. கல்லு டீச்சருக்கும் கேக்குது.”

மனிதர் கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்தாராம். அந்தச் சின்ன வயதுக்காரர்களின் காதை அவர் சந்தேகப்படவில்லை. “அப்போ போடுதுதான்,” என்று சொல்லிவிட்டுத் திருப்புளியைத் தேட எழுந்து போனாராம். “இவ்வளவுதான் என் வீட்டுல நடந்த சண்டை,” என்றார் அக்கா. “நான்தான் சாப்பாடு போடக்கூட மறந்துட்டேன். அவர் பாட்டுக்கு ஸ்குரூவைக் கழட்டிக்கிட்டிருக்கார்.”

வியாழக்கிழமையே அக்கா மீட்டிங் சார் அறைக்குப் போனார். துணைக்குக் கல்லு டீச்சர். அக்கா அந்த விளக்கை மேசைமேல், அவருடைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இதுதான் சார்.”

“இது யார் வாங்கினது?”

“யாரும் வாங்கல. என் வீட்டுக்காரர் பண்ணது. நான்தான் மாட்டச் சொன்னேன். யாரையும் கேக்கல.”

மீட்டிங் சார் சாய்ந்திருந்த ‘ற’வைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கணினியைத் திறந்து, ஒரு பாடத்தின் ஒலியைப் படமாகக் காட்டினார். கீழே பேச்சு மலைமலையாக இருந்தது. அதற்கெல்லாம் மேலே, துணி காயப்போடும் கொடிக்கம்பி போல, ஒரே ஒரு மெல்லிய கோடு, முதலிலிருந்து கடைசி வரை.

“இவ்வளவு உச்சத்துல இருக்கிற சத்தம் வயசானா காதுக்கு எட்டாதாம். என் காதை நம்பி இதைத் திறந்து பார்க்காம விட்டது என் தப்பு சார். இந்தக் கோட்டை மட்டும் வெட்டி எடுத்துடலாம். பேச்சுக்கு ஒண்ணும் ஆகாது. நேத்து ராத்திரி ஒரு பாடத்துல வெட்டிப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியல. அதனாலதான் இவளைக் கூட்டிட்டு வந்தேன்.”

அக்கா வெட்டிய பாடத்தை ஓடவிட்டார். மீட்டிங் சார் கல்லு டீச்சரைப் பார்த்தார். “இருக்காம்மா?”

அவள் நிமிர்ந்தாள். “இல்ல சார்.” பிறகு, யாரும் கேட்காமலே, “சுத்தமா இல்ல சார்,” என்று இரண்டாவது தடவையும் சொன்னாள்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “எல்லாப் பாடத்தையும் வெட்டிடுவீங்களா?”

“வெட்டிடுவேன்.”

“இனிமே நீங்க முடிச்சதை ஒரு சின்ன வயசுக் காது கேட்டுட்டுத்தான் வெளியில போகணும்.”

“நானே அதைக் கேக்கலாம்னுதான் வந்தேன் சார்.”

“அப்போ கம்பெனிக்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்.” அவர் விளக்கை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார். “நானும் ஒரு டாக்டர்கிட்டக் காதைக் காட்டணும்போல. அன்னைக்கு நடைபாதையில நான் பேசினது...” என்று ஆரம்பித்து, போன் அடித்ததால் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். அந்த வாக்கியத்தை அவர் இதுவரை முடிக்கவில்லை. அக்காவும் மறுபடி சொல்லச் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார். பழைய மின்பெட்டி இருந்த இடத்தில் வேறொன்று. இந்தத் தடவை அவர் முதலில் சுவரில் மாட்டவில்லை. மேசைமேல் வைத்து எரியவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, கல்லு டீச்சரின் முகத்தையே பார்த்தார். அவள் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்த பிறகுதான் ஆணியை எடுத்தார். போகும்போது வாசலில் நின்று அவளிடம், “ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேனாம்மா?” என்றார். அவள் இல்லை என்றாள். ‘ற’ அதே சாய்வில்தான் இருந்தது. அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாராம்.

திங்கட்கிழமை பதிவு வழக்கம்போல நடந்தது. தமிழில் ஒரு தடவை, இன்னொரு மொழியில் ஒரு தடவை. ஊசிச் சத்தம் இல்லாத அறை கல்லு டீச்சருக்குப் புதிதாக இருந்தது. பாடம் முடிந்து அவள் கற்களைப் பைக்குள் போட ஆரம்பித்தபோது, ஒலிபெருக்கி பேசியது.

“இரு. மைக்கைக் கழட்டாத.”

அவள் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா ஹெட்போனைச் சரிசெய்துகொண்டிருந்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல், நாற்காலியின் உயரத்தை ஏற்றினார், இறக்கினார். அக்காவுக்குக் கூச்சம் என்று ஒன்று உண்டு என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

“அவர் தினமும் கேக்கறார்,” என்றார் அக்கா. “அப்படி என்னதான் சத்தம் போட்டுச்சு, எப்படித்தான் இருந்துச்சுன்னு. ராத்திரி படுத்த பிறகுகூட எழுந்து கேக்கறார். நான் என்னன்னு சொல்றது? அவர் கையால பண்ணது, என் பக்கத்துலயே இத்தனை நாள் கத்திக்கிட்டு இருந்திருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் எப்படின்னு தெரியாது. இனிமே தெரியவும் போறதில்ல.”

அவள் மைக்கைப் பார்த்தாள்.

“நீ அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் சுருதி இறக்கி, எங்க காதுக்கு எட்டுற மாதிரி, உன் வாயால ஒரே ஒரு தடவை பண்ணிக் காட்டேன். நான் பதிவு பண்ணி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். கூச்சப்படாதம்மா. வெளியில விளக்கு எரியுது, யாரும் உள்ள வரமாட்டாங்க.”